கேள்விக்கு வேலை கொடுத்த ஒரு வருடம்: நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

காவிரி டெல்டாவில் ஒரு சின்ன ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. 2025 ஜூனில் அங்கே நான்காம் வகுப்புக்கு வந்த ஒரு பெண் பிள்ளையைப் பற்றிய பதிவு இது. ஊர்ப் பெயரும் பிள்ளையின் பெயரும் எழுதப்போவதில்லை, நாளைக்கு அவளே வளர்ந்து இதைப் படித்தால் சங்கடப்படக் கூடாது. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியை ஒன்று முதல் மூன்று வரை பார்த்துக்கொள்கிறார், நான் நான்கும் ஐந்தும், இரண்டு வகுப்பும் ஒரே அறையில். அறையைப் பற்றி முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும் அரை மணி நேரமும் நான்காம் வகுப்பு சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அவர்களுக்கு நடத்தும்போது இவர்கள். ஒரு நாளில் பாதி நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பிள்ளைகளின் முதல் வேலை என்கிற மாதிரி அமைந்த வகுப்பறையில், நிறையப் பேசுகிற ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால் அது உடனே பிரச்சினையாகத்தான் தெரியும்.

மூன்று வருடம் அவளை வைத்திருந்த தலைமை ஆசிரியை என்னிடம் ஒப்படைக்கும்போது சொன்னது, "கெட்டிக்காரப் புள்ளதான், எல்லாம் வரும், வாய்தான் ஓயாது." அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அவள் எப்போதும் மேல் நிலையான மலரில் இருந்தவள், வாசிப்பும் கணக்கும் தடையில்லாமல் வரும். அதனாலேயே இன்னொரு சிக்கல். கொடுத்த வேலையை மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிடுவாள், மீதி நேரத்துக்கு என்ன செய்வாள்?

அவள் என்னதான் பேசுகிறாள்

"நிறையப் பேசுகிறாள்" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. யாரிடம் பேசுகிறாள், எப்போது பேசுகிறாள், எதைப் பற்றி? ஜூன் மாதத்தில் முதல் வேலையாக அவள் வாய் திறக்கும்போதெல்லாம் என் பாடக்குறிப்பு நோட்டின் ஓரத்தில் ஒரு சொல்லாவது எழுதி வைத்தேன். வெட்டிப் பேச்சு என்று நாம் சொல்வது, அதாவது பக்கத்துப் பிள்ளையின் ரிப்பன், நேற்று டிவியில் பார்த்தது, அதெல்லாம் அதில் கொஞ்சம்தான் இருந்தது. அடுத்தவர் பதிலைத் திருத்துவது அதைவிட அதிகம். ஆனால் பெரும்பகுதி கேள்வி. அதுவும் பாடத்தைப் பிடித்துக்கொண்டு எங்கோ போகிற கேள்விகள். நீர் சுழற்சி நடத்தும்போது, "டீச்சர், மேட்டூர்ல தெறந்த தண்ணி ராத்திரியிலயும் நடந்து வருமா, இல்ல எங்கயாச்சும் தங்கிட்டு வருமா?" கிலோகிராம் நடத்தும்போது, "நெல்லு மூட்டய நிறுத்தா கோணியோட எடயும் சேந்துதான வரும், அத யாரு கழிப்பா?" இரண்டாவது கேள்வியை இந்தப் பக்கத்து விவசாயிகள் வருடா வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்விகள் நல்லவை, வருகிற நேரம்தான் தப்பு. வேறொரு பிள்ளை எழுந்து நின்று பாதி வாக்கியத்தில் இருக்கும்போது வரும், நான் அடுத்த வகுப்பின் பலகைக்குத் திரும்பி நிற்கும்போது வரும், குரலும் கொஞ்சம் உரத்த குரல். இரண்டு பிள்ளைகள் என்னிடமே வந்து, "அவ பேசிக்கிட்டே இருக்கா டீச்சர், எங்களுக்கு டேர்னே வரல" என்றார்கள். அது நியாயமான புகார். கேள்வி கேட்கும் பிள்ளையைக் கொண்டாடுகிற உற்சாகத்தில் பக்கத்தில் இருப்பவர்களை மறந்துவிடுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் கேள்வி சுருங்கிப்போவது எங்கள் ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இருவர் பிரிட்டனில் நான்கு வயதுப் பெண் குழந்தைகளின் பேச்சை வீட்டிலும் மழலையர் பள்ளியிலும் பதிவு செய்து 1984இல் வெளியிட்டார்கள். வீட்டில் அம்மாவுடன் இருக்கும்போது சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 26 கேள்வி கேட்ட அதே குழந்தைகள் பள்ளியில் ஆசிரியையிடம் கேட்டது மணிக்கு 2. அந்தக் கணக்குப்படி பார்த்தால், என் வகுப்பில் இருந்தவள் பள்ளிக்கு வந்த பிறகும் கேட்பதை நிறுத்தாத பிள்ளை, அவ்வளவுதான். அவளை அமைதியாக்கிக் காட்டுவது என் வேலை இல்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

வீடு

அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மாதத்துக்கு ஒரு முறை வந்துபோகிறார். அம்மா நடவுக்கும் களைக்கும் போவார், அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. வீட்டில் அப்பாயியும் தாத்தாவும். தாத்தாவுக்கு நாலு மா நிலம், ஏக்கர் கணக்கில் ஒன்றேகால் ஏக்கரைவிடச் சற்று அதிகம். நான் போயிருந்த அன்று அம்மா வரவேற்ற விதமே, "என்ன டீச்சர், ரொம்பப் பேசுறாளா? ரெண்டு போடு போடுங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன், கண்ண மட்டும் விட்டுருங்க." பாசத்தில்தான் அப்படிச் சொல்வார்கள், ஆனாலும் அதற்குச் சிரித்து மழுப்பக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு உடலைத் தண்டிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நான் அடிக்கப்போவதில்லை என்று அவரிடம் நேரடியாகவே சொன்னேன்.

அப்பாயி சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. "பொட்டப் புள்ளைக்கு இத்தன வாய் ஆவாது டீச்சர், நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போவணும்." அண்ணனோ தம்பியோ இதே கேள்விகளைக் கேட்டிருந்தால் அந்த வீட்டில் கலெக்டர் ஆவான் என்று சொல்லியிருப்பார்கள். நம் வகுப்பறைகளில் பேசுகிற பையனுக்கு "துறுதுறு" என்று பெயர், பேசுகிற பெண்ணுக்கு "வாயாடி". நானும் பெண்தான், இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள்தான், அதனால் இந்த விஷயத்தில் நடுநிலையாக எழுதும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் அவளைப் பிடிக்காமல் பேசவில்லை. காலையில் கிளம்பி வெயிலில் குனிந்து நட்டுவிட்டு வருகிற அம்மாவிடம் இரவு எட்டு மணிக்குக் கேள்வி கேட்டால் பதில் வராதுதான். அப்பாவிடம் போனில் இரண்டு நிமிடம். தாத்தாவிடம் மட்டும் அவளுக்குப் பதில் கிடைத்துக்கொண்டிருந்தது, அதுவும் வயல் சம்பந்தப்பட்டதற்கு மட்டும். கேள்விகளில் ஏன் இத்தனை தண்ணீரும் நெல்லும் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

உடம்பு சரியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அவளைத் தனியாகக் காட்டி, காது கேட்கும் திறனைப் பார்க்கச் சொன்னேன். எப்போதும் உரக்கப் பேசுகிற பிள்ளைக்கு இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது, தன் குரலே சரியாகக் கேட்காத பிள்ளைகளும் சத்தமாகப் பேசும். காதில் ஒன்றும் இல்லை. ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காமலும் அளவுக்கு மீறித் துறுதுறுவென்றும் இருக்கும் குறைபாடு, இருக்குமோ என்று தலைமை ஆசிரியைக்கு ஒரு சந்தேகம். இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அதிகம் பேசுவது அதன் அறிகுறிகளில் ஒன்று, உண்மைதான். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. பல அறிகுறிகள் சேர்ந்து, ஆறு மாதத்துக்குக் குறையாமல், வீடு பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், பிள்ளையின் படிப்பையும் பழக்கத்தையும் கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும், அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இவள் எடுத்த வேலையை முடிக்கிறாள், பொருளைத் தொலைப்பதில்லை, விளையாட்டில் தன் முறைக்குக் காத்திருக்கிறாள். குழுவில் வந்த மருத்துவரும் இப்போதைக்கு மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை என்றார்.

வேண்டாம் என்று ஒதுக்கியவை

இப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்வது என்று, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது நிறைய யோசனை கிடைத்தது, எல்லாம் அனுபவத்தில் சொன்னவை. வகுப்புத் தலைவி ஆக்குங்கள், பேசுகிறவர்கள் பெயரை எழுதும் வேலையைக் கொடுங்கள், தானாக அடங்கிவிடுவாள் என்றார் ஒருவர். அடங்குவாள், சரி. ஆனால் பேசுகிற பிள்ளையைப் பேச்சுக்குக் காவல் வைத்தால் அவள் கற்றுக்கொள்வது அதிகாரம் பண்ண மட்டும்தான், கேள்விகள் அப்படியே உள்ளே கிடக்கும்.

இன்னொரு யோசனை எல்லோருக்கும் பிடித்தது: பேச்சுப் போட்டிக்கு அனுப்புங்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. தொடக்கப்பள்ளிப் பேச்சுப் போட்டி நடக்கிற விதம் நமக்குத் தெரியும். ஆசிரியர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுப்பார், பிள்ளை மனப்பாடம் செய்யும், கையை எங்கே தூக்க வேண்டும் என்பது வரை பழக்குவோம், "அவையோருக்கு முதற்கண் வணக்கம்" என்று தொடங்கிப் பரிசு வாங்கி வரும். குரல் வளமும் மேடைத் துணிச்சலும் வரும், அதைக் குறை சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? அவளுடைய வாயை வாங்கி நம்முடைய வாக்கியங்களை அதில் வைக்கிறோம். கதை சொல்லும் போட்டி என்றால் கூடப் பரவாயில்லை, அதில் கொஞ்சமாவது சொந்தமாகச் சொல்ல இடம் உண்டு.

தனியாக உட்கார வைப்பதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை.

கேள்வி நோட்டு

முதலில் கொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. பாடம் நடக்கும்போது கேள்வி வந்தால் உடனே அதில் எழுது, பக்கத்தில் இதை யாரிடம் கேட்டால் தெரியும் என்று எழுது. டீச்சர் என்று மட்டும் எழுதக் கூடாது என்பது நான் வைத்த ஒரே நிபந்தனை. எல்லாவற்றுக்கும் ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தால் நான்தான் அவளுக்கு முட்டுச்சந்து, எனக்குத் தெரியாத எத்தனையோ விஷயங்கள் எங்கள் ஊரிலேயே ஆளாளுக்குத் தெரியும். அவளுக்கு இது பிடித்தது. பக்கத்தில் அவள் எழுதிய ஆட்களைப் பார்த்தாலே ஊர் தெரியும்: தாத்தா, காலை உணவு செய்யும் அக்கா, டிராக்டர் மாமா, போஸ்ட்மேன், கோயில் குருக்கள், ஆடு வைத்திருக்கும் பெரியம்மா.

குறுக்கே பேசுவது கொஞ்சம் குறைந்தது. ஆனால் நோட்டு மட்டும் போதவில்லை. எழுதிப்போட்ட கேள்விக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் நோட்டும் வாயை மூடுகிற கருவிதான், பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் புரிந்துவிடும். ஜூலை வருவதற்குள் அவளே கேட்டுவிட்டாள், "எழுதிக்கிட்டே இருக்கேன், யாரு டீச்சர் படிக்கப் போறா?"

மேட்டூர் நீர்மட்டம்

இறைவணக்கக் கூட்டத்தில் திருக்குறள், பொன்மொழி, செய்தி வாசிப்பு எல்லாப் பள்ளியிலும் உண்டு. செய்தி என்றால் பெரும்பாலும் பேப்பரில் முதல் பக்கத்தில் இருப்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தர் இழுத்து இழுத்து வாசிப்பார், கீழே வரிசையில் நிற்கிற ஒன்றாம் வகுப்புக்கு ஒரு சொல் புரியாது. அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தேன். ஆனால் பேப்பரில் இருப்பதை வாசிக்க இல்லை. எங்கள் ஊருக்கு அன்றைக்கு வேண்டிய ஒரு செய்தியைக் கொண்டு வர வேண்டும்.

டெல்டாவில் அந்தச் சமயத்தில் எல்லோருக்கும் வேண்டிய செய்தி ஒன்றுதான். வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12, 2025லும் அன்றைக்கே திறந்தார்கள். கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர மூன்று நான்கு நாள், அங்கிருந்து பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கு வர இன்னும் சில நாள். ஜூன் கடைசியில் அணை முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டிவிட்டது. டீக்கடையில் போடும் பேப்பரில் தினமும் சின்னப் பெட்டிச் செய்தியாக வரும்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். தாத்தா காலையில் டீ குடிக்கப் போகும்போது கூடவே போய் அந்த மூன்று எண்ணையும் எழுதிக்கொண்டு வந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

இந்த வருடத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட நிகழ்வு அதற்கப்புறம் சில நாளில் நடந்தது. அவள் நிமிர்ந்து நின்று, நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று வாசித்து முடித்ததும் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வரிசையிலிருந்து கேட்டான், "கன அடின்னா என்னக்கா?" அவளுக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்றேன்டா" என்றாள். கேட்டுக்கொண்டே இருந்தவளை முதல் முறையாக இன்னொருத்தர் கேட்கிறார், பதில் சொல்லும் பொறுப்பு அவள் தலையில்!

நோட்டில் அதை எழுதி, பக்கத்தில் "லஸ்கர் தாத்தா" என்று எழுதியிருந்தாள். வாய்க்காலில் மதகைத் திறந்து மூடும் நீர்வளத்துறைப் பணியாளரை இந்தப் பக்கம் லஸ்கர் என்றுதான் சொல்வோம். சாயங்காலம் தாத்தாவோடு ஷட்டருக்கே போய்க் கேட்டுவிட்டாள். அவர் மண்ணில் குச்சியால் கோடு போட்டு, ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்துக்கு ஒரு பெட்டி இருந்தால் அது நிறையத் தண்ணீர், அது ஒரு வினாடியில் கடந்து போனால் ஒரு கன அடி என்று சொல்லியிருக்கிறார். லிட்டரில் அது ஏறக்குறைய 28. மறுநாள் காலை அவளுக்கு அதுவும் போதவில்லை. "இருபத்தெட்டு லிட்டருன்னா ரெண்டாப்புக்குப் புரியாது டீச்சர், குடத்துல சொல்லணும்."

அப்புறம் நடந்ததுதான் அந்த மாதத்துக் கணக்குப் பாடம். பள்ளியில் குடிதண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் நிரப்பிப் பார்த்தோம், நான்காம் வகுப்பு ஊற்ற, ஐந்தாம் வகுப்பு கோடு போட்டு எண்ண, கழுத்து வரைக்கும் 14 லிட்டர் பிடித்தது. ஆக ஒரு கன அடி என்றால் வினாடிக்கு இரண்டு குடம். பத்தாயிரம் கன அடி என்றால் ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் இருபதாயிரம் குடம். அதை அவள் கூட்டத்தில் சொன்னபோது ஒன்றாம் வகுப்பிலிருந்து சமையல் அக்கா வரை வாயைப் பிளந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் மேட்டூர் செய்தி குடக் கணக்கில்தான். பெருக்கல் வாய்ப்பாடு வராமல் தடுமாறிய இரண்டு பேர், நீர்வரத்தைக் குடமாக மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இரண்டால் பெருக்கப் பழகினார்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நானும் சிலவற்றை ஒழுங்குபடுத்தினேன். வெளியாட்களிடம் கேட்கப் போவதென்றால் தாத்தாவோ அம்மாவோ கூட வர வேண்டும், அல்லது இரண்டு பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை தனியாகப் போய் யாரிடமும் பேச வேண்டியதில்லை. கேட்கப் போவதற்கு முன் மூன்று கேள்வி எழுதிக்கொள்ள வேண்டும், பதில் சொல்பவர் பேசும்போது எழுத வேண்டும், எழுதும்போது பேச முடியாது. இந்தக் கடைசி விதியை நான் யோசித்து வைத்தேன் என்று சொல்ல முடியாது, எழுதுகிற கை இருக்கும்போது வாய் தானாகவே காத்திருந்தது. குறுக்கிடாமல் கேட்கும் பழக்கம் அவளுக்கு வந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான், "குறுக்கே பேசாதே" என்று நாங்கள் சொன்னதால் இல்லை.

புளியங்கொட்டை

வகுப்புக்குள் இருந்த சிக்கல் வேறு. மற்றவர்களுக்கு முறை வர வேண்டும். இதற்கு ஒரு பழைய உத்தி உண்டு, நாங்கள் புளியங்கொட்டையில் செய்தோம். கலந்துரையாடல் நடக்கும் பாடவேளையில் ஆளுக்கு மூன்று கொட்டை, ஒரு முறை பேசினால் ஒன்றை நடுவில் இருக்கும் கிண்ணத்தில் போட வேண்டும், தீர்ந்தால் அன்றைக்கு அந்தப் பாடவேளைக்கு அவ்வளவுதான், மீதம் வைக்கவும் கூடாது. முதல் வாரம் அவளுடைய மூன்றும் மூன்று நிமிடத்தில் காலியாகிவிடும், மீதி நேரம் கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பார்க்கவே பாவமாக இருக்கும். பிறகு கொட்டையை விரலால் உருட்டிக்கொண்டே யோசிக்க ஆரம்பித்தாள், எந்தக் கேள்விக்கு இதைச் செலவு செய்வது என்று. அவளுடைய கேள்விகளின் எண்ணிக்கை குறைந்து ஆழம் கூடியது அப்போதுதான்.

யாருமே எதிர்பார்க்காத ஒன்று, பேசாத பிள்ளைகளிடம் மூன்று கொட்டையும் அப்படியே இருப்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. அதுவரை அவர்கள் பேசாததை யாரும் கவனித்ததே இல்லை. நான் கேள்வி கேட்டுவிட்டு உடனே அடுத்தவரிடம் தாவாமல் காத்திருக்கவும் இது எனக்கு உதவியது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள், பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் கூடின. மூன்று வினாடி என்பது எழுதும்போது சின்னதாக இருக்கிறது. இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு நிற்கும்போது அது ரொம்ப நீளம், செய்து பார்த்தால்தான் தெரியும்.

நெல் ஈரம்

அக்டோபரில் குறுவை அறுவடை. அந்த மாதம் டெல்டாவில் பெய்த மழையில் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவிந்து நனைந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், அதை 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டிருந்தது. இவளுடைய தாத்தாவின் நெல்லும் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஒரு சனிக்கிழமை அவரோடு நிலையத்துக்குப் போனவள் திங்கட்கிழமை நோட்டைத் திறந்து வாசித்தாள். ஒரு கைப்பிடி நெல்லை ஒரு சின்ன மெஷினில் போட்டால் எண் வருகிறது, தாத்தாவுக்கு 19 வந்தது, இன்னும் காயவைக்கச் சொன்னார்கள், ஒரு சிப்பம் 40 கிலோ. கேள்வி ஒன்றே ஒன்று, கீழே கோடு போட்டிருந்தாள்: "ஏன் 17? யாரு சொன்னது?"

நிலையத்தில் இருந்தவர் வேலை நெருக்கடியிலும் பதில் சொல்லியிருக்கிறார், ஈர நெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், முளைக்கும், அரைத்தால் குருணையாகப் போகும் என்று. அவள் அதை நம்பினாலும் பார்க்க வேண்டும் என்றாள். இரண்டு பாலித்தீன் பையில் ஒன்றில் காய்ந்த நெல், இன்னொன்றில் ஊறவைத்து வடித்த நெல், வாய் கட்டி ஜன்னலில் வைத்தோம். வாரக் கடைசியில் ஈரப் பையைப் பிரித்தபோது புளித்த வாடை, பாதி முளை, ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. காய்ந்தது போட்டபடியே இருந்தது. அதை அவள் மட்டும் சொல்லவில்லை, அவளோடு வைத்த மூன்று பேரும் ஆளுக்கொரு பகுதியாகக் கூட்டத்தில் சொன்னார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த பெற்றோர்கள் முன்னாலும் ஒரு முறை சொல்ல வைத்தோம். அங்கே அப்பாயியும் இருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "நம்ம நெல்லுக்காவத்தான் அம்புட்டு நேரம் நின்னு கேட்டுருக்கு டீச்சர்" என்றார். அவர் கருத்தே மாறிவிட்டது என்று எழுதினால் பொய். அடுத்த வாரமே "ஆனாலும் வாய் ஜாஸ்திதான்" என்று சொன்னார், அதைச் சொல்லும்போது சிரித்தார், அந்த அளவுக்கு மாற்றம்.

இந்த ஊர்ச் சமாச்சாரத்தையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு மேடை கிடைத்ததால் இது நடந்தது என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். அவள் சொல்வது கேட்பவர்களுக்குத் தேவைப்பட்டது, அதனால் நடந்தது. மேட்டூர் அளவு அந்தப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்கிற செய்தி, நெல் ஈரம் அந்த வீடுகளின் பணம். கடலோர ஊர்ப் பள்ளியாக இருந்தால் இது காற்றும் வலையுமாக இருந்திருக்கும், நகரத்தில் பஸ் தடமோ குப்பை வண்டியோ. பிள்ளையின் கேள்வி எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நமக்குப் பிடித்த தலைப்பைக் கொடுத்தால் மறுபடியும் பேச்சுப் போட்டிதான்.

இப்போது எப்படி இருக்கிறாள்

பாடத்தின் நடுவே குறுக்கிடுவது அநேகமாக நின்றுவிட்டது, அடக்க முடியாமல் வரும்போது அவளே வாயைப் பொத்திக்கொண்டு நோட்டை எடுக்கிறாள். குரல் இன்னும் உரத்த குரல்தான், அதில் எனக்குப் புகார் இல்லை, கூட்டத்தில் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கிறது. எழுத்து நன்றாக முன்னேறியிருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் மூன்று வரிக்கு மேல் எழுதச் சலித்துக்கொண்டவள், கேட்டு வந்ததை ஒரு பக்கம் எழுதுகிறாள். நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு அரசு தரும் ஊஞ்சல் இதழை வரிவரியாகப் படித்துவிட்டு, இதில் பிள்ளைகள் எழுதி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறாள். அனுப்பப் போகிறோம். பத்து வயது முடிந்ததும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு செய்யலாம், அதற்கு நெல் ஈரமே நல்ல தலைப்பு என்று தோன்றுகிறது, முடிவு அவளுடையது.

தீராதது ஒன்று இருக்கிறது. அவள் வகுப்பிலேயே திக்கிப் பேசும் பையன் ஒருவன். அவன் ஒரு சொல்லில் நிற்கும்போது இவள் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறாள். திக்குகிற பிள்ளையின் வாக்கியத்தை வேறொருவர் முடித்து வைப்பது அவனைப் பேசவிடாமல் செய்வதற்குச் சமம், பேச்சுப் பயிற்சியாளர்கள் முதலில் சொல்வதே இதைத்தான். எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுகிறாள். அவன் வீட்டில் வாத்து மேய்க்கிறார்கள், அறுத்த வயலில் நூற்றுக்கணக்கில் இறக்கி விடுவார்கள், அதைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு எங்கள் யாருக்கும் தெரியாது. அவனும் இவளும் சம்மதித்ததால் பொங்கல் விடுமுறை முடிந்ததும் இவளை அவனிடம் நேர்காணலுக்கு விட்டேன், ஒரு கேள்வி, பிறகு அவன் கையில் இருக்கும் புளியங்கொட்டையைக் கீழே வைக்கும் வரை இவள் எழுத மட்டும் செய்ய வேண்டும் என்று. முதல் இரண்டு பதிலுக்குப் பொறுத்தாள், மூன்றாவதில் "முட்டை" என்ற சொல்லை அவனுக்கு முன்னால் சொல்லிவிட்டாள். அவன், "நான் சொ... சொல்றேன், நீ எழுது" என்றான். இவள் எழுதினாள். வாரம் ஒரு முறை இதைத் தொடர்கிறோம். அடுத்த வருடமும் இருவரும் என் அறையில்தான் இருப்பார்கள், மீதியை அப்போது எழுதுகிறேன்.